ஷிப்ட் பஸ் வரும்வரை ஐயாயிரம் பேர்

போன செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் நெய்வேலி மெயின் பஜாரில் வரி எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் நடந்தது. வந்தவர்கள் எத்தனை பேர்?

ஐயாயிரம் பேர் — என்கிறார் ஏற்பாடு செய்த செல்வராசு.

முந்நூறு பேர் — என்கிறார் போலீஸ் தரப்பில் கூட்டத்தைக் கணக்கெடுக்க வந்த குமாரசாமி ஏட்டு.

செல்வராசுவின் தங்கச்சியைத்தான் ஏட்டுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆக, இது ஊர்ச் சண்டை மட்டுமில்லை... குடும்பச் சண்டையும்கூட. நடுவில் மாட்டியவன் நான். "பேப்பர்ல எழுதுறவன் நீதான், நீ சொல்லு" என்று இரண்டு பேரும் என் தையல் கடைக்கு வந்து நிற்கிறார்கள்.

நான் என்னத்தைச் சொல்ல? இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத வரும், பேச வராது. கடைக்கு வரும் அக்காக்களிடம் அளவு எடுக்கும்போது பேசுவதோடு சரி. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் கையிலிருக்கும் கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது.

முதலில் வரி என்ன வரி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைகள் எல்லாம் வாடகைக் கடைகள். இப்போது அந்த வாடகைக்கு மேல் வரி. பெரிய கடைக்காரர்கள் அதை வேறு கணக்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறதாம். எங்களைப் போல ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் போட்டிருக்கிறவர்களுக்கு அந்த வழி இல்லை. கட்டினால் கட்டியதுதான். கட்ட முடியாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

மாவட்ட வியாபாரிகளின் தலைவர் இது விஷயமாக மந்திரியைப் பார்க்க சென்னைக்கு ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறார். பண்ருட்டியிலிருந்து முந்திரி வியாபாரிகள் போகிறார்கள். கடலூரிலிருந்து மொத்த வியாபாரிகள் போகிறார்கள். நெய்வேலிக்கு இடம் உண்டா என்று செல்வராசு கேட்டார்.

"மொதல்ல உங்க ஊர்ல கூட்டத்தக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம் தலைவர்.

இடம் கிடைக்காவிட்டால்? மந்திரி முன்னால் முந்திரி பேசப்படும். மொத்த வியாபாரம் பேசப்படும். பூக்கடை, இட்லிக் கடை, செல்போன் ரிப்பேர், தையல் கடை — இதெல்லாம் யார் வாயில் வரும்?

செல்வராசு செருப்புக் கடை வைத்திருக்கிறார். காடாம்புலியூர்க்காரர். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் தூக்கம் கிடையாது. அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டைலரு, நாள் குறிச்சாச்சு. செவ்வாக்கெழம. பஸ்ட் ஷிப்ட் விடுற நேரம்."

"அந்த நேரம் எதுக்குண்ணே? உச்சி வெயிலு..."

"வெயிலப் பாக்காத. ஆளப் பாரு! பஸ்ட் ஷிப்ட் முடிச்சி எறங்குறவன் வூட்டுக்குப் போற பஸ்ஸுக்கு அங்கதான் நின்னுக்கினு இருப்பான். செகண்ட் ஷிப்ட் போறவனும் மைன்ஸ் பஸ்ஸுக்கு அங்கதான் நிப்பான். ரெண்டு ஷிப்டும் ஒரே எடத்துல! தலைவரு மெரண்டு போயிடுவாரு!"

வெளியூர்க்காரர்களுக்கு இது வினோதமாக இருக்கும். எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் யாரும் இத்தனை மணிக்கு வா என்று சொல்ல மாட்டார்கள். ஷிப்ட் விட்டதும் வா, ஷிப்டுக்கு முன்னால் வா — அவ்வளவுதான். பெண் பார்ப்பது, காது குத்துவது, குவார்ட்டர்ஸ் மாறிப் பால் காய்ச்சுவது எல்லாம் ஷிப்டைப் பார்த்துத்தான். மாப்பிள்ளைக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டுக்கொண்டு முகூர்த்தம் குறிக்கிற ஜோசியரை எனக்குத் தெரியும். எனவே ஆர்ப்பாட்டத்துக்கும் ஷிப்ட் பார்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் அடுத்த வரியில் வந்தது.

"சின்னக் கடக்காரங்க சார்பா நீதான் பேசுற."

"நானா!"

"வாரா வாரம் எழுதிக்கினு இருக்கியே, அதையே வாயால சொல்லு."

அதையே வாயால் சொல்வதாம். நீச்சலைப் பற்றி எழுதுகிறவனைக் கிணற்றில் தள்ளுவது போல! எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செல்வராசு காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை வரை ஒரே பஜாரில் இரண்டு வேண்டுதல்கள். கூட்டம் கூட வேண்டும் என்று அவர். கூட்டம் குறைய வேண்டும் என்று நான்.

செவ்வாய்க்கிழமை வந்தது.

'சின்ன யானை' லோடு வண்டியின் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு அதையே மேடையாக்கியிருந்தார்கள். எதிரே வேப்பமரத்தடியில் மஃப்டியில் குமாரசாமி ஏட்டு. மஃப்டி என்று பெயர்தான். டீக்கடை மாஸ்டர் முதல் எல்லோரும் "ஏட்டய்யா, ஏட்டய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு நேர் முன்னால் வெயிலில் ஒரு கோஷ அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி தமிழரசி. பஜாரில் வளையல், பொட்டு, ஹேர் கிளிப் விற்கும் ஃபேன்சி கடை அவருடையது. அண்ணன் நடத்தும் ஆர்ப்பாட்டம், புருஷன் கணக்கெடுக்கும் ஆர்ப்பாட்டம், தன் கடைக்காக நடக்கும் ஆர்ப்பாட்டம். அவர் எப்படி வராமல் இருப்பார்?

செல்வராசு போட்ட திட்டம் பலித்தது. ஷிப்ட் பஸ்கள் வந்து வந்து ஆட்களை இறக்கின. அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையோடு வந்து சேர்ந்தார்கள். ரவுண்டானாவிலிருந்து பஜார் கடைசிச் சந்து வரைக்கும் தலை... தலை... மஞ்சள் ஹெல்மெட். காரிலிருந்து இறங்கிய தலைவர் அப்படியே நின்றுவிட்டார். செல்வராசு முகத்தில் பெண்ணைப் பெற்றவர் முகூர்த்த நாளில் வைத்திருக்கும் களை.

கோஷம் ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளி கேட்டார்.

"என்னா வரிங்க?"

"கடை வாடகைக்குங்க."

"எங்களுக்கு உண்டா?"

"இல்லீங்க."

"பரவால்ல..." என்றவர், கையைத் தூக்கி "ஒழிக!" என்றார். எங்களைவிடச் சத்தமாக.

எங்கள் ஊர்க்காரர்களின் இந்த மனசு வேறெங்கே வரும்? எந்த மாவட்டத்திலிருந்தோ வந்து, பக்கத்து பிளாக்கில் குடியிருந்து, கொடியில் காயும் அடுத்தவர் துணியையும் மழைக்கு எடுத்து வைத்துப் பழகியவர்கள். தனக்கு இல்லாத வரிக்கும் ஒரு ஒழிக போடுவார்கள்.

"இப்போது நம்ம எழுத்தாளர் பேசுவார்" என்றார் செல்வராசு மைக்கில்.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. மேலே நின்று பார்த்தால்... செல்வராசு சொன்ன ஐயாயிரமும் இல்லை, ஏட்டு சொன்ன முந்நூறும் இல்லை. என் கண்ணுக்கு ஒரு லட்சம் பேர் தெரிந்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எல்லாருக்கும்..." என்றேன்.

வணக்கம் வரவில்லை.

"எல்லாருக்கும்..." என்றேன் மறுபடியும்.

அப்போதுதான் அந்த ஹாரன் கேட்டது.

ஒரு பஸ் இல்லை. வரிசையாக வந்தன. மைன்ஸுக்கு ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, பண்ருட்டி பக்கம் போவது, வடலூர் பக்கம் போவது... ஒரே நொடியில் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த நொடியில் ஓடியது. நான் வாயைத் திறந்ததும் ஜனங்கள் இப்படி ஓடியதைப் பார்த்துத் தலைவர் என்ன நினைத்திருப்பாரோ!

செல்வராசு குறுக்கே ஓடினார். "கொஞ்ச நேரம் இருங்கப்பா! ஒரு அஞ்சு நிமிசம்!"

"அட்டெண்டன்ஸ் போயிடும்ணே!" என்று ஓடிக்கொண்டே சொன்னார் ஒருவர். காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர் சொல்வதும் நியாயம்தானே? இன்னொருவர் பஸ் ஜன்னலிலிருந்து கையை நீட்டி, எங்களுக்காக ஒரு கடைசி "ஒழிக" போட்டுவிட்டுப் போனார்.

புழுதி அடங்கியது. பார்த்தால் — நாங்கள். பஜார்க்காரர்கள். பூக்கடை அக்கா, சைக்கிள் கடை பாய், இட்லிக் கடைக் குடும்பம், கடையை அடைத்துவிட்டு வந்த மற்றவர்கள். ஷிப்ட் பார்த்துக் கூட்டம் சேர்த்த செல்வராசுவுக்கு, சேர்ந்த கூட்டம் ஷிப்டுக்குப் போகும் என்பது மட்டும் தோன்றாமல் போய்விட்டது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செல்வராசு யாரையும் பார்க்கவில்லை.

நான் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது கூட்டம் குறைந்துவிட்டதே, பேச வேண்டியதுதானே? வேண்டுதல் பலித்தும் வாய் வரவில்லை.

முன்னாலிருந்து தமிழரசி குரல் கொடுத்தார்.

"டைலரண்ணே! என் ஜாக்கெட்டு எப்பத் தருவீங்க?"

"நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கம்மா!"

யோசிக்கவே இல்லை. பல வருடப் பழக்கம், தானாக வந்துவிட்டது. அதுவும் மைக்கில்! பஜார் முழுக்கக் கேட்டது. என்னிடம் துணி கொடுத்துவிட்டு நடையாய் நடந்திருக்கிற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம் என்ன? எதிரே நிற்கிறவர்கள் எல்லோரும் என் கடைக்கு வருகிறவர்கள். கடையில் பேசுவதுபோலப் பேசினேன்.

"ஒரு மீட்டர் துணியக் குடுத்து ரெண்டு சட்ட தைக்கச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? அதத்தான் இப்ப எங்களப் பண்ணச் சொல்றாங்க. கூலிய ஏத்துனா நீங்க ரெடிமேடு வாங்கிக்குவீங்க. ஏத்தாட்டி நான் எதுல கழிக்கிறது? பெரிய கட மூடுனா பேப்பர்ல வரும். எங்க ஷட்டர் சின்னது. எறக்குனா பக்கத்துக் கடைக்குக்கூட சத்தம் கேக்காது. அந்தச் சத்தத்த யாராச்சும் கேக்கணும்னுதான் இங்க நிக்கிறோம்."

இவ்வளவுதான் பேசினேன். இறங்கிவிட்டேன். தலைவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் செல்வராசு கொஞ்சம் தெளிந்தார். போட்டோ ஸ்டூடியோக்காரர் டிரோன் பறக்கவிட்டு எடுத்த படம் வந்திருந்தது. பஸ் வருவதற்கு முன்னால் எடுத்தது. பார்த்தால் கடல்! உடனே வாட்ஸ்அப்பில் போட்டார். 'ஐயாயிரம் பேர் திரண்டனர்!' ஊரெல்லாம் பாராட்டு.

மறுநாள் எவனோ ஒருவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டான். 'ஏன் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்?' என்று கேள்வி போட்டான். நானும் பார்த்தேன். உண்மைதான். அத்தனை பேரும் பஸ் வரும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு ஏட்டு முந்நூறு என்று மேலே சொல்லிவிட்டார் என்ற சேதியும் வந்தது.

வியாழக்கிழமை என் கடையில் இரண்டு பேரும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்து ஒரு பேன்ட்டுக்கு அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் இவர்கள் இருவருக்கும் மரியாதை கூடும்.

"மாப்ள, உங்க கண்ணுக்கு அந்தக் கூட்டம் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க மச்சான். பஸ்ஸுல ஏறிப் போனதும் தெரிஞ்சுது."

"ஏறுறதுக்கு முன்னாடி எங்க நின்னாங்க? நம்ம கூட்டத்துலதான?"

"பஸ் ஸ்டாப்புலங்க மச்சான்."

"ஒழிக சொன்னாங்களா இல்லீங்களா?"

"சொன்னாங்க."

"ஒழிக சொன்னவன் கூட்டத்துல சேத்தியா இல்லியா, அதச் சொல்லுங்க!"

ஏட்டு கொஞ்சம் யோசித்தார். "அப்படிப் பாத்தா பஸ் டிரைவருகூடத்தான் ஹாரன் அடிச்சாரு. அவரையும் சேத்துக்கலாங்களா?"

செல்வராசு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "டைலரு, நீயாவது எழுது. முந்நூறுன்னு போனா நம்மள யாரு சென்னைக்கு இட்டுக்கினு போவாங்க? கண்ணாடிக் கடக்காரன் இப்பவே கடச் சாவிய ஓனர்கிட்ட குடுத்துர்றேன்னு சொல்லிக்கினு இருக்கான்."

இந்த மனுஷனுக்கு ஐயாயிரம் என்பது பெருமை இல்லை. பயம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏட்டுக்கும் அப்படித்தான்... கூட்டிச் சொன்னால் மச்சானுக்காகச் சொன்னான் என்பார்களே என்ற பயம். மேடையிலிருந்து ஒரு லட்சம் பார்த்த நான் மட்டும் என்ன ஒழுங்கு? கூட்டத்தை எண்ணுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரவர் பயத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்துத் தமிழரசி கடைக்குள் வந்தார். ஜாக்கெட் வாங்க.

வந்தவர் ஜாக்கெட்டைக் கேட்கவில்லை. புருஷனைப் பார்த்தார்.

"முந்நூறு பேருன்னு சொன்னீங்களாமே. அதுல நான் இருக்கறனா?"

ஏட்டு என் மிஷினைப் பார்த்தார்.

"வெயில்ல அட்டையப் புடிச்சிக்கினு நின்னேன். நீங்க மரத்தடியில நின்னு எண்ணிக்கினு இருந்தீங்க. என்னப் பாத்தீங்க. நீங்க பாத்தத நானும் பாத்தேன். எண்ணுனீங்களா?"

"அது... தமிழு... போலீஸ்காரன் பொண்டாட்டியே கூட்டத்துல நின்னாளான்னு மேல கேள்வி வரும்ல..."

"அப்ப உட்டுட்டீங்க."

"ஒருத்திய விட்டா என்ன, முந்நூறு முந்நூறுதான..."

"கூட்டத்துல இல்லாதவ வூட்டுல மட்டும் இருக்கணுமா? சோறு யாரு ஆக்குவா, அந்த முந்நூறு பேரா?"

செல்வராசுவுக்கே பாவமாகிவிட்டது. அதுவரை சண்டை போட்டவர், ஸ்டூலை இழுத்து மாப்பிள்ளைக்குப் போட்டார். "உடும்மா தமிழு. மாப்ள உத்தியோகம் அப்படி."

"நீ பேசாதண்ணா! ஓடிப்போனவனையெல்லாம் சேத்து ஐயாயிரம்னு போட்ட. நின்னவங்களப் பத்தி ஒரு வார்த்த போட்டியா? படத்துலயாவது எங்க மூஞ்சி தெரியுதா?"

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஆளிடம் திட்டு வாங்கினால் சமாதானம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அப்போது செல்வராசுவின் போன் அடித்தது. தலைவர். பதற்றத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் கேட்டது.

"செல்வராசு, ஏதோ கூட்டத்தப் பத்தி வாட்ஸ்அப்புல தகராறாமே?"

"தலைவரே, அது வந்துங்க... ஐயாயிரம்..."

"அட விடுய்யா. நான் அங்கதான நின்னேன், எனக்குத் தெரியாதா? எல்லா ஊர்லயும் கூட்டம் இருந்துச்சு. கடையப் பூட்டிட்டு வந்து கடைசி வரைக்கும் கடைக்காரனே நின்னது உங்க ஊர்லதான். புதன்கெழம ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போறேன். அந்த டைலரு வரட்டும். அப்புறம்... ஜாக்கெட் கேட்டாங்களே ஒரு அம்மா, அவங்க வருவாங்களா?"

நான் செல்வராசுவின் முகத்தைப் பார்த்தேன். ஓடியாடியதெல்லாம் அவர். அவருக்கும் போக ஆசை இருந்திருக்கும்தானே? ஒரு நொடிதான்.

"வருவாங்க தலைவரே! என் தங்கச்சிதாங்க!" என்றார். முகத்தில் அப்படி ஒரு மினுமினுப்பு. போனை வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார். "இந்தப் பிஞ்ச செருப்போடயா மந்திரியப் பாக்கப் போற? கடைக்கு வா, நல்லதா எடுத்துக்க."

ஏட்டு அந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ஆர்ப்பாட்டத்தில் நின்ற மனைவியையே மறைத்தவர். இப்போது மனைவி மந்திரியைப் பார்க்கவே போகிறார்!

"போகட்டுமாங்க?" என்று கேட்டார் தமிழரசி. குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"உன் கடை... நீதான் போகணும்" என்றார் ஏட்டு. பிறகு, "போட்டோல மட்டும் கொஞ்சம் பின்னால நில்லு" என்றார்.

"முன்னாலதான் நிப்பேன்."

இந்தப் பேச்சு முடியும் முன்பே ஏட்டுக்கும் ஒரு போன். உள்ளூர் நிருபர். சென்னை போகும் சேதியோடு ஆர்ப்பாட்டத்தையும் சேர்த்துப் போடப் போகிறாராம். போலீஸ் கணக்கு எத்தனை என்று கேட்டார்.

"முந்நூறு" என்றார் ஏட்டு. மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "முந்நூறு பேருக்கு மேலன்னு போட்டுக்கங்க."

தமிழரசி கலைந்திருந்த ஏட்டின் சட்டைக் காலரைச் சரியாக மடித்துவிட்டார்.

வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரரைப் புதன்கிழமை வரைக்கும் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மந்திரி அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தலைவரிடம் கேட்டேன். தெரியாது என்கிறார். கூட்டம் அதிகமாக இருந்து, மறுபடியும் எனக்கு வாய் அடைத்துக்கொண்டால்?

அதனால்தான் தமிழரசியின் ஜாக்கெட்டை இன்னும் தைத்து முடிக்காமல் வைத்திருக்கிறேன்.